ஓடைத் தரவில் தாமதம்: அளத்தலும் காரணம் காணலும்

ஓடைத் தரவுச் செயலாக்கத்தில் ‘தாமதம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு அளவுகளுக்கு வழங்குகிறது. ஒரு நிகழ்வு வெளியுலகில் நடந்த நொடியிலிருந்து அதன் விளைவு திரையில் தெரியும் வரை ஆகும் காலம் ஒன்று. இது நிகழ்வு நேரத் தாமதம். அந்த நிகழ்வு செயலாக்க அமைப்புக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை ஆகும் காலம் மற்றொன்று. இது செயலாக்கத் தாமதம். பொறியாளர் பெரும்பாலும் இரண்டாவதை அளக்கிறார். பயனர் அனுபவிப்பது முதலாவதை. அமைப்பு திணறும் வேளையில் இவை வெகுதூரம் விலகிவிடும். வாசலில் வரிசையில் நிற்கும் தரவு செயலாக்கத் தாமதத்தின் கணக்கிலேயே வராது. 2018இல் ஜெய்ஹுன் கரிமோவ் முதலானோர் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு, ஸ்டார்ம், ஸ்பார்க், ஃபிளிங்க் ஆகிய மூன்று ஓடைச் செயலாக்க அமைப்புகளையும் இந்த இரு அளவுகளைப் பிரித்தே சோதித்தது. அதன் பிறகும் பல டாஷ்போர்டுகளில் ஒரே ஒரு ‘லேட்டன்சி’ கோடுதான் ஓடுகிறது.

செம்பனை ஆலையின் வாசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியை எடைமேடையில் ஏற்றி இறக்கச் சில நிமிடங்கள் போதும். அறுவடை உச்சத்தில் இருக்கும் நாளில் எடைமேடைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். எடைமேடைக் கணக்கர் தம் ஏட்டைக் காட்டி ‘இங்கே தாமதமே இல்லை’ என்று சொன்னால் அது பொய்யில்லை. குலைகளோ லாரியிலேயே கனிந்து கெட்டுக்கொண்டிருக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு வரும். மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம், பிரசாரானா நிறுவனத்தின் ரேப்பிட் பேருந்துகளும் கேடிஎம் ரயில்களும் இருக்கும் இடத்தை ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் வடிவில் வெளியிடுகிறது. 30 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் கற்பவருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் ஜெஞ்சாரோம் நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு ‘பேருந்து இன்னும் எத்தனை நிமிடம்’ என்று சொல்லும் சிறிய அமைப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நிரல் இப்படிப்பட்ட தரவை எடுத்து வருகிறது. அது அப்பாச்சி காஃப்காவில் ஒரு டாப்பிக்கில் விழுகிறது. அப்பாச்சி ஃபிளிங்க் அதைப் படித்து வேகத்தையும் வருகை நேரத்தையும் கணிக்கிறது. விடை தரவுத்தளத்துக்குப் போய்க் கைப்பேசித் திரைக்கு வருகிறது.

முத்திரை குத்துதல்

அளவீட்டின் முதல் வேலை, தரவு கடக்கும் ஒவ்வொரு வாசலிலும் அதன் மேல் நேர முத்திரை குத்துவது. இந்த அமைப்பில் குறைந்தது ஐந்து முத்திரைகள் தேவை: பேருந்துக் கருவி இடத்தைக் குறித்த நேரம், நிரல் தரவை எடுத்த நேரம், காஃப்காவில் பதிவான நேரம், ஃபிளிங்க் விடையை வெளியிட்ட நேரம், தரவுத்தளத்தில் எழுதி முடித்த நேரம். அடுத்தடுத்த முத்திரைகளைக் கழித்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். முத்திரைகள் இல்லாமல் காரணம் தேடப் புறப்படுவது இருட்டில் ஊசி தேடுகிற கதை.

முத்திரை குத்தியதுமே பெரும்பாலோருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. திறந்த தளத்தின் தரவு ஊட்டம் 30 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நிரலும் 30 நொடிக்கு ஒருமுறை எடுக்கிறது. இரண்டுக்கும் ஒத்திசைவு இல்லை. முதல் கட்டத்தில் சராசரியாக 15 நொடி, இரண்டாவதில் இன்னொரு 15 நொடி. தரவு கணினிக்குள் காலடி வைக்கும் முன்பே சராசரியாக 30 நொடி, மோசமான வேளையில் 60 நொடி பழையதாகிவிடுகிறது. இதற்கு எதிரே ஃபிளிங்கின் பஃபர் காத்திருப்பு இயல்பாக 100 மில்லிநொடி. காஃப்காவிலிருந்து படிக்கும் கன்சியூமர் ஒரு வேண்டுகோளில் அதிகம் காத்திருப்பது இயல்பமைப்பில் அரை நொடி. அனுப்பும் பக்கத்தில் ‘லிங்கர்’ காத்திருப்பு முன்பு சுழியமாக இருந்து காஃப்கா 4.0இல் 5 மில்லிநொடியானது. இவற்றைத் திருகிக்கொண்டு ஒரு வாரம் செலவிடுவோர் உண்டு. பங்குச்சந்தைக்கு அது தகும், பேருந்துக்குத் தகாது. எடுக்கும் இடைவெளியை 30 நொடியிலிருந்து 10 நொடியாக்கினால் சராசரியில் 10 நொடி மிச்சம், ஒரே வரி மாற்றத்தில். ஒரே பதிவு மூன்று முறை வரும். வண்டி எண்ணையும் கருவியின் நேரத்தையும் வைத்து மறுபதிவுகளைக் கழித்துவிட வேண்டும். திறந்த தளத்தின் வேண்டுகோள் வரம்பையும் மதிக்க வேண்டும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதை அளவீட்டுக்கு முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது. டியூட்நவ் பணமாற்றத்தில் சில நொடி அதிகமானாலே வாடிக்கையாளர் கடைக்காரர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். லங்காட் ஆற்றின் நீர்மட்டம் சில நிமிடம் பழையதாக இருந்தாலும் பெரும்பாலும் பயன்படும். பேருந்துக்கு ஒரு நிமிடம் நியாயமான எல்லை.

கடிகாரச் சிக்கல்

முத்திரைகள் வெவ்வேறு கடிகாரங்களில் குத்தப்படுகின்றன. சர்வர்கள் என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. மலேசியச் சீர்நேரத்தைச் சிப்பாங் வட்டாரத்தில் உள்ள தேசிய அளவியல் கழகம் காத்து வருகிறது. வண்டியில் உள்ள கருவியின் கடிகாரம் அவ்வளவு நம்பகமானதல்ல. கழித்துப் பார்க்கும்போது எதிர்மறை விடை வந்தால், அதாவது நிகழ்வு நடப்பதற்கு முன்பே வந்து சேர்ந்ததாகக் கணக்குக் காட்டினால், அதைச் சுழியமாக்கி மறைத்துவிடக் கூடாது. எதிர்மறை விடைகளைத் தனியே எண்ணி வைப்பதுதான் கடிகாரப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

தாமதம் ஏறத்தாழ 28,800 நொடி என்று வந்தால் வலையமைப்பைக் குறைசொல்ல வேண்டாம். அது எட்டு மணி நேரம். உலகப் பொதுநேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். எங்கோ ஒரு நிரல் உள்ளூர் நேரத்தைப் பொதுநேரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மேலும், ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் முத்திரை முழு நொடிகளில்தான் வரும். அந்தக் கட்டத்தின் தாமதத்தை மில்லிநொடியில் காட்டும் வரைபடம் வெறும் அலங்காரம்.

சராசரி சொல்லாதது

நூறு பதிவுகளில் 95 பதிவுகள் 2 நொடியிலும் 5 பதிவுகள் 200 நொடியிலும் வந்து சேர்கின்றன என்று கொள்வோம். சராசரி 11.9 நொடி. பன்னிரண்டு நொடி தாமதமான பதிவு அந்த நூறில் ஒன்றுகூட இல்லை. ஆகவே 50, 95, 99ஆம் சதமானங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். நான்கு சர்வர்களின் 99ஆம் சதமானங்களைக் கூட்டி நான்கால் வகுப்பது இன்னொரு பழக்கம். அதற்குக் கணிதத்தில் பொருள் கிடையாது. ஒவ்வொரு சர்வரும் ஹிஸ்டோகிராம் எண்ணிக்கையை அனுப்பி, அவற்றைக் கூட்டிய பிறகே சதமானம் காண வேண்டும்.

புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்துவோர் பலர் இங்கே ஒரு குழியில் விழுகிறார்கள். அதன் கிளையன்ட் நூலகங்கள் பலவற்றில் ஹிஸ்டோகிராமின் இயல்பான கடைசி எல்லை 10 நொடி. வலைத்தள வேண்டுகோளுக்கு அது போதும். பேருந்துத் தரவில் பெரும்பாலானவை 10 நொடியைத் தாண்டும் என்பதால், அவை எல்லையற்ற கடைசிப் பெட்டியில் விழும். சதமானக் கணக்கு 10 என்ற எண்ணையே திரும்பத் திரும்பத் தரும். வரைபடத்தில் தட்டையான அழகான கோடு ஒன்று பத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அளவு கூடும்போதும் குறையும்போதும் அசையாத கோட்டைக் கண்டால் முதலில் பெட்டி எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும். இந்த அமைப்புக்கு 1, 5, 15, 30, 60, 120, 300, 900 நொடி என்ற எல்லைகள் பொருந்தும்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. வெளியே வந்த பதிவுக்குத்தான் தாமதம் கணக்கிட முடியும். ஓடை முற்றாக நின்றுவிட்டால் எதுவும் வெளியே வராது. புதிய அளவு எதுவும் பதியாது. கடைசியாகப் பதிந்த நல்ல எண்ணைக் காட்டியபடி டாஷ்போர்டு பச்சை விளக்கோடு நிற்கும். இதற்கு மருந்து, ‘விடையின் வயது’ என்ற தனி அளவு: இப்போதைய நேரத்திலிருந்து, கடைசியாக எழுதப்பட்ட விடையின் நிகழ்வு நேரத்தைக் கழித்தது. ஓடை நின்றால் இந்த எண் நொடிக்கு ஒரு நொடி ஏறிக்கொண்டே போகும். ஓர் அமைப்புக்கு ஒரே ஓர் அளவைத்தான் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைக்க வேண்டும்.

லேக் என்ற எண்ணிக்கை

காஃப்காவில் கன்சியூமர் லேக் என்பது இன்னும் படிக்கப்படாத பதிவுகளின் எண்ணிக்கை. ‘லேக் 12,000’ என்றதும் பதறுவதும் ‘லேக் 200’ என்றதும் நிம்மதியடைவதும் சரியல்ல. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைத் தேற்றத்தின்படி, வரிசையில் இருக்கும் எண்ணிக்கையை நகரும் வேகத்தால் வகுத்தால் காத்திருப்புக் காலம் கிடைக்கும். நொடிக்கு 400 பதிவு நகர்கிறபோது 12,000 என்பது 30 நொடி. நள்ளிரவில் நொடிக்கு 10 மட்டுமே நகர்கிறது என்றால் அதே 12,000 இருபது நிமிடம். எச்சரிக்கையை எண்ணிக்கையில் வைக்காமல் நேரத்தில் வைப்பதற்கு இதுவே காரணம்.

மீண்டுவரும் காலத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். நொடிக்கு 400 பதிவு வரும் அமைப்பு பத்து நிமிடம் நின்றுபோனால் 2,40,000 பதிவு சேரும். அதன் உச்சத் திறன் நொடிக்கு 500 என்றால் உபரி 100 மட்டுமே. பாக்கி தீர 40 நிமிடம் ஆகும். பத்து நிமிடப் பழுதுக்கு ஐம்பது நிமிடத் துன்பம். திறனைச் சராசரி வரத்துக்குச் சற்று மேலே வைத்துச் சிக்கனம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

லேக்கை மொத்தமாகப் பார்க்காமல், டாப்பிக்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்கள் வாரியாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே சீராக ஏறினால் திறன் போதவில்லை. ஒன்றில் மட்டும் ஏறினால் பகிர்வு சரியில்லை. வழித்தட எண்ணைச் சாவியாக வைத்துப் பிரித்தால் நெரிசலான வழித்தடம் விழும் பார்ட்டிஷன் மூச்சுத் திணறும், சிற்றூர் வழித்தடத்தின் பார்ட்டிஷன் தூங்கும். வண்டி எண்ணைச் சாவியாக்கினால் சுமை பரவலாகும். இத்தகைய கோணலுக்குச் சர்வர் எண்ணிக்கையைக் கூட்டுவது வீண்செலவு.

அடைப்பு எந்த இடத்தில்

ஃபிளிங்கில் ஆப்பரேட்டர் எனப்படும் செயலாக்கக் கட்டம் ஒன்று மெதுவாகும்போது அதற்கு முந்தியவை அனுப்ப இடமின்றி நிற்கின்றன. அந்தத் தடை ஒவ்வொன்றாகப் பின்னேறி மூலம் வரை போகிறது. இதைப் பேக்பிரஷர் என்பார்கள். 2021இல் வந்த 1.13 பதிப்பு முதல், ஃபிளிங்கின் திரையில் வேலை வரைபடம் நிறத்தோடு தெரிகிறது: வேலையின்றி இருப்பது நீலம், மூச்சுவிடாமல் உழைப்பது சிவப்பு, முன்னே தள்ள முடியாமல் நிற்பது கறுப்பு. குற்றவாளி கறுப்பில் இல்லை. கறுப்பு வரிசை முடிந்து அடுத்து வரும் சிவப்புப் பெட்டியே அடைப்பின் இடம். சாலை நெரிசலில் நிற்கும் கார்களை விட்டுவிட்டு, நெரிசலின் தலைமாட்டில் கவிழ்ந்து கிடக்கும் லாரியைத் தேடுவது போன்றது இது.

சிவப்புப் பெட்டியைக் கண்டபின், அதில் இணையாக ஓடும் துணைப்பணிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சிவந்திருந்தால் சாவிக் கோணல். எல்லாமே சிவந்திருந்தால் அந்தப் பணியே கனமானது. அதே பதிப்பில் வந்த ஃபிளேம் கிராஃப் எந்தச் செயற்கூறில் நேரம் கரைகிறது என்று காட்டும். பெரும்பாலும் அங்கே வெளிப்புறத் தரவுத்தளத்தை ஒவ்வொரு பதிவுக்கும் அழைத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் வரி ஒன்று அகப்படும். ஒத்திசைவற்ற அழைப்போ உள்ளூர் நினைவகமோ அதைத் தீர்க்கும். பேருந்து நிறுத்தங்களின் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஃபிளிங்கிலேயே தாமத மார்க்கர் வசதி உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். மூலத்தில் புறப்படும் மார்க்கர் பதிவுகளோடு வரிசையில் நின்று நகரும், ஆனால் ஆப்பரேட்டருக்குள் நுழையாமல் கடந்துவிடும். ஆகவே வரிசைக் காத்திருப்பை அது காட்டும். குறித்த கால அளவின் பதிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் சாளரத்தில் பதிவு தங்கும் நேரத்தைக் காட்டாது. துப்பறியும் நேரத்தில் மட்டும் இயக்கிவிட்டு அணைத்துவிடுவது நல்லது. எந்நேரமும் இயக்கினால் அதுவே சுமையாகும்.

வாட்டர்மார்க்: அமைதியான பார்ட்டிஷனின் வேலை

சர்வர் ஓய்வாக இருக்கிறது, லேக் இல்லை, பேக்பிரஷர் இல்லை, ஆனாலும் விடை வரவில்லை. புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கும் நிலை இதுதான். காரணம் பெரும்பாலும் வாட்டர்மார்க்.

‘இந்த நேரம் வரையிலான நிகழ்வுகள் எல்லாம் வந்துவிட்டன’ என்று அமைப்பு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் உறுதிமொழியே வாட்டர்மார்க். ஐந்து நிமிடச் சாளரத்தின் சராசரி வேகத்தைக் கணித்து வெளியிட அந்த உறுதிமொழி சாளரத்தின் முடிவைத் தாண்ட வேண்டும். பல பார்ட்டிஷன்கள் இருக்கும்போது ஒட்டுமொத்த வாட்டர்மார்க் என்பது அவற்றுள் மிகப் பின்தங்கியதன் நேரம். எட்டுப் பேர் நடைப்பயணம் போனால் கடைசி ஆளின் இடமே குழுவின் இடம். எட்டில் ஒரு பார்ட்டிஷனுக்கு உரிய வண்டிகள் எல்லாம் இரவு டிப்போவுக்குப் போய்விட்டால் அந்தப் பார்ட்டிஷனில் புதிய பதிவு வராது. அதன் வாட்டர்மார்க் அங்கேயே நிற்கும். மற்ற ஏழும் எவ்வளவு முன்னேறினாலும் விடை வெளியாகாது. காலையில் முதல் வண்டி கிளம்பியதும் இரவு முழுவதற்குமான சாளரங்கள் ஒரேயடியாகக் கொட்டும்.

இதைக் கண்டறியும் வழி, ஒவ்வொரு துணைப்பணியின் உள்வரும் வாட்டர்மார்க்கையும் இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு வரைவது. ஏழு கோடுகள் நேரத்தோடு ஓட, ஒன்று மட்டும் பின்தங்கி நிற்கும். தீர்வாக, ஃபிளிங்கின் வாட்டர்மார்க் அமைப்பில் ‘இவ்வளவு நேரம் பதிவு வராவிட்டால் இதை ஓய்வு என்று கொள்’ எனக் குறிக்கலாம். அந்த ஓய்வு எல்லையை மிகக் குறுகலாக வைத்தால் வேறு வினை வரும். ஜெஞ்சாரோமுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கைப்பேசி அலை மெலிந்து, ஒரு வண்டியின் கருவி இரண்டு நிமிடப் பதிவுகளைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்று கொள்வோம். ஓய்வு எல்லை ஒரு நிமிடமாக இருந்தால் அமைப்பு அதற்காகக் காத்திராமல் சாளரத்தை மூடிவிடும். பின்னால் வரும் பதிவுகள் கழிக்கப்படும்.

வரிசை மாறி வரும் பதிவுகளுக்கு எவ்வளவு பொறுப்பது என்ற அளவையும் ஊகத்தில் வைக்கக் கூடாது. முதல் முத்திரையையும் காஃப்கா முத்திரையையும் கழித்து ஒரு வாரத்துக்குப் பரவலைச் சேர்த்தால், 99 சதவீதப் பதிவுகள் எத்தனை நொடிக்குள் வந்து சேர்கின்றன என்று தெரியும். அந்த எண்ணே பொறுமையின் அளவு. பொறுமை 90 நொடி என்றால், உலகின் மிக வேகமான சர்வரை வாங்கினாலும் சாளர விடை 90 நொடிக்கு முன் வராது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஒரே பார்ட்டிஷனில் ஓடும் சிறிய அமைப்பில், ஒரு கருவியின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்திப் போனால் வாட்டர்மார்க்கும் அதனோடு தாவிவிடும். ஒழுங்கான கடிகாரம் உள்ள மற்ற வண்டிகளின் பதிவுகள் எல்லாம் ‘பிந்தியவை’ என்று தள்ளப்படும். தாமத வரைபடத்தில் எந்தக் குறையும் தெரியாது. தள்ளப்பட்டதற்குத் தாமதம் ஏது? பிந்தியதால் கைவிடப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையைத் தாமத வரைபடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால்தான் இது கண்ணில் படும். எதிர்கால நேரம் கொண்ட பதிவுகளை மூலத்திலேயே வடிகட்டிவிடுவது நல்ல பழக்கம்.

வரையறையே தாமதமாகும்போது

சில தாமதங்கள் கணினியில் இல்லை, கேள்வியில் இருக்கின்றன. மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் நுண்துகள் அளவு 24 மணி நேர நகரும் சராசரியில் கணக்கிடப்படுகிறது. கிள்ளான் ஜோஹான் செத்தியாவில் கரிநிலம் பற்றிக்கொள்ளும் மாலையில் புகை மூக்கை அரித்தாலும், மூன்று மணி நேரம் கழித்துச் சராசரியில் அந்தப் புகையின் பங்கு 24இல் 3 மட்டுமே. காற்று தெளிந்த பிறகும் அதே சராசரி மெல்லத்தான் இறங்கும். சுகாதார நோக்கில் 24 மணி அளவுக்குத் தக்க காரணம் உண்டு. ‘இப்போது வெளியே போகலாமா’ என்ற கேள்விக்கு அது விடையில்லை. பேருந்து வேகத்துக்கும் இதே கதை: முப்பது நிமிடச் சாளரத்தில் கணித்த வேகம், ஐந்து நிமிடத்துக்கு முன் ஏற்பட்ட நெரிசலை அறியாது. சாளரத்தின் நீளத்தை ஒரு தாமதமாகவே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

ரம்பப்பல் வடிவம்

தாமதக் கோடு குறித்த இடைவெளியில் ஏறி இறங்கி ரம்பப்பல் போலத் தெரிந்தால் காரணம் கடிகாரத்தோடு ஓடும் ஏதோ ஒன்று. பல்லின் இடைவெளியை அளந்து அமைப்புக் கோப்பில் அதே எண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது விரைவான வழி. ‘சரியாக ஒருமுறை’ என்ற உத்தரவாதத்தோடு காஃப்காவில் எழுதும்போது, விடைகள், ஃபிளிங்க் தன் நிலையைச் சேமிக்கும் செக்பாயிண்ட் முடியும் வரை பரிவர்த்தனைக்குள் கிடக்கும்; உறுதியானவற்றை மட்டும் படிக்கும் கன்சியூமருக்கு அவை தெரியா. செக்பாயிண்ட் 60 நொடிக்கு ஒன்று என்றால் சராசரியாக 30 நொடி கூடிவிடும். பேருந்து வருகைக்கு இந்த உத்தரவாதம் மிகை. அதே விடை இருமுறை எழுதப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை. பணக் கணக்கில் வேறு தீர்ப்பு. ஒழுங்கற்ற இடைவெளியில் வரும் கூர்முனைகளுக்கு ஜாவாவின் குப்பை சேகரிப்பு இடைநிறுத்தத்தைச் சந்தேகிக்கலாம். அதன் பதிவேட்டை நேரத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

பழுது வந்த வேளையில்

‘பேருந்து போய்விட்டது, திரை இன்னும் வருகிறது என்கிறது’ என்ற புகார் வந்ததும் சர்வரை நிறுத்தி இயக்குவதுதான் முதல் எண்ணமாக இருக்கும். அதற்கு முன் விடையின் வயதைப் பார்க்க வேண்டும். அது இளமையாக இருந்தால் கோளாறு திரையிலோ கணிப்பு முறையிலோ இருக்கிறது, ஓடையில் இல்லை. வயது ஏறியிருந்தால் ஊட்டத்தின் கடைசி முத்திரை. அதுவே பழையதென்றால் உள்ளே எதைத் திருகியும் பயனில்லை, பயனருக்கு ‘தகவல் பழையது’ என்று காட்டுவதே நேர்மை. ஊட்டம் புதியதாக இருந்தால் காலக் கணக்கில் லேக், பின் நிறம், பின் வாட்டர்மார்க். நிறுத்தி இயக்குவதற்கு முன் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளாவிட்டால் தடயம் அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே பழுது திரும்ப வரும்.

எச்சரிக்கை மணியை விடையின் வயதில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் எல்லையானால், தொடர்ந்து இரண்டு நிமிடம் அதைத் தாண்டியதும் மணி அடிக்கட்டும். இரவில் வண்டி ஓடாத நேரத்துக்கு விலக்கு அமைக்க வேண்டும். அமைத்த அன்றே, வண்டிகள் ஓடும் நேரத்தில் தரவு எடுக்கும் நிரலைக் கையால் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். அதற்குள் பொறுப்பாளரின் கைப்பேசி ஒலிக்காவிட்டால் அந்த மணி வேலை செய்யவில்லை.